கம்பெனிக் கப்பல் பதிவேடுகளிலிருந்து வானிலைத் தரவு: 1789–1834, ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் உள்ள தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கோடையே வராமல் போனது. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குளிர்ச்சி எத்தனை டிகிரி? மர வளையங்கள் போன்ற இயற்கைச் சான்றுகள் ஒரு விடை தந்தன. கணினிக் காலநிலை மாதிரிகளில் சில, அதைவிட மிகப் பெரிய வீழ்ச்சியைக் காட்டின. எது சரி என்று தீர்க்க, அதே ஆண்டுகளில் வெப்பமானியால் எடுத்த அளவுகள் வேண்டும். அவை ஐரோப்பிய நகரங்களுக்கு வெளியே, கடல் மேல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய அளவுகள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பதிவேடுகளில் இருந்தன.

கம்பெனிக்காகப் பயணம் போன ஒவ்வொரு கப்பலின் தலைவரும் ஊர் திரும்பியதும் பயணப் பதிவேட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்தாக வேண்டும். அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் சுமார் 900 பதிவேடுகளில் 1789 முதல் 1834 வரை அன்றாடம் வெப்பமானி, பாரமானி அளவுகள் எழுதப்பட்டுள்ளன. கப்பல்களில் கருவிகளை எடுத்துச் செல்லும்படி தலைவர்களைத் தூண்டியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். 1779 முதல் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியாக இருந்தவர் அவர். 1834-இல் தொடர் அறுந்துபோவதற்குக் காரணம் கம்பெனியின் வணிகம் சட்டப்படி முடிவுக்கு வந்து, கப்பல்கள் கைமாறியதுதான். பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் பிலிப் புரோகன் குழுவினர் இந்தப் பதிவேடுகளை எண்ணிம வடிவுக்கு மாற்றி, 2,73,000 வானிலைப் பதிவுகளைப் பெற்று 2012-இல் வெளியிட்டார்கள்.

இத்தகைய பதிவேட்டை எடுத்து வேலை செய்கிறவர்கள் முதலில் எண்களை நோக்கித்தான் ஓடுவார்கள். எங்கள் கருத்து வேறு. பதிவேட்டில் மிக நம்பத்தக்கது காற்றைப் பற்றி அதிகாரி எழுதிய சொல். பாய்களும் பாய்மரமும் உயிர்களும் அந்தக் கணிப்பை நம்பித்தான் இருந்தன. பாரமானியோ அந்த நாளில் பல தலைவர்களுக்குப் புதுப்பொருள். அந்தச் சொல்லும் எண்ணும் தரவாக மாறுவதற்கு முன், எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வடக்கை வைத்து எழுதப்பட்டது என்பதைத் தீர்க்க வேண்டும். வேலையில் பெரும்பகுதி அதுதான்.

ஒரு பக்கம்

கடலில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் அல்லது அரைப்பக்கம். இடது ஓரத்தில் மணி. அதையடுத்து முடிச்சு (மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்), பாகம் (முடிச்சின் பின்னம்), கப்பல் போன திசை, காற்று வந்த திசை என்று நான்கு பத்திகள். வலப்பக்கம் முழுவதும் குறிப்புகள்: காற்றின் பலம், வானம், பாய் மாற்றம், கண்ணில் பட்ட கரை, கூட வரும் கப்பல்கள். அடியில் நண்பகல் கணக்கு: அந்த நாளின் மொத்தத் திசையும் தூரமும், அட்சரேகை, தீர்க்கரேகை, காந்த விலக்கம் (திசைகாட்டி ஊசி உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம்), பாரமானி, வெப்பமானி.

முதல் தவறு பெரும்பாலும் முடிச்சுக்கும் பாகத்துக்கும் நடுவில்தான் நடக்கிறது. "6 | 4" என்று இருந்தால் 6.4 என்று எழுதிவிடுகிறார்கள். வேகம் பார்க்கும் கயிற்றில் ஒரு முடிச்சு இடைவெளியை எட்டுப் பாகமாகப் பிரிப்பது பழைய வழக்கம். ஆகவே அது 6½ முடிச்சு. பிற்காலத்தில் பத்தாகப் பிரித்தவர்களும் உண்டு. எந்த வழக்கம் என்று தெரிந்துகொள்ள, பதிவேடு முழுவதும் பாகப் பத்தியில் 8, 9 வருகிறதா என்று பார்த்தால் போதும். ஓர் இடத்தில் வந்தாலும் அந்தப் பதிவேடு பத்தின் கணக்கு. எங்குமே வராவிட்டால் எட்டின் கணக்கு.

கயிற்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் ஓடவிட்டு, மணற்கண்ணாடி வடியும் நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணித்தான் வேகம் பார்த்தார்கள். ஒரு கடல் மைல் சுமார் 6080 அடி. 28 விநாடி மணற்கண்ணாடிக்கு முடிச்சு இடைவெளி 47 அடி 3 அங்குலம் இருக்க வேண்டும். 30 விநாடிக் கண்ணாடிக்கு 50 அடி 8 அங்குலம் வேண்டும். ஆனால் 30 விநாடிக் கண்ணாடியோடு 42 அடிக் கயிற்றை வைத்திருந்த பழைய வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட கப்பல் உண்மையில் 100 மைல் போனால் கணக்கு 120 என்று சொல்லும். கணக்கு முந்தியிருப்பதை மாலுமிகள் பெரிய குறையாக நினைக்கவில்லை. கரை இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பி இரவில் பாறையில் மோதுவதைவிட, கரை வந்துவிட்டது என்று எண்ணி விழித்திருப்பது மேல். வானிலைத் தரவுக்கு இதன் விளைவு என்னவென்றால், கயிற்றுக் கணக்கில் வரும் தீர்க்கரேகை ஒரே பக்கமாகச் சாயும். பல பதிவேடுகளைச் சராசரி எடுத்தாலும் அந்தச் சாய்வு போகாது.

எந்த நாள்?

கடல் நாள் நண்பகலில் தொடங்கி நண்பகலில் முடிந்தது, அதுவும் நள்ளிரவில் தொடங்கும் ஊர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பாகவே. "10-ஆம் தேதி" என்று தலைப்பிட்ட பக்கம் நம் கணக்கில் 9-ஆம் தேதி நண்பகலில் தொடங்குகிறது. ஆகவே அந்தப் பக்கத்தில் "பிற்பகல் 4 மணிக்குப் பெருங்காற்று" என்று இருந்தால் அது 9-ஆம் தேதி மாலை. பக்கத்தின் அடியில் இருக்கும் நண்பகல் பாரமானி அளவு மட்டும் 10-ஆம் தேதியது. நண்பகல் அளவுகளை மட்டும் எடுக்கிறவருக்குத் தேதி தானாகவே சரியாக அமைந்துவிடும். அந்த நம்பிக்கையில் பிறகு குறிப்புகளையும் எடுக்கத் தொடங்கும்போது புயலின் முதல் பாதி ஒரு நாள் தள்ளிப்போய்விடும்.

பிரிட்டிஷ் கடற்படை 1805-இல் ஊர் நாளுக்கு மாறியது. கம்பெனிக் கப்பல்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய வழக்கத்தை விடவில்லை. துறைமுகத்தில் நங்கூரமிட்டதும் ஊர் நாளுக்கு மாறுவதும் வழக்கம். அதனால் வந்து சேரும் நாளின் பக்கம் 36 மணி நேரம் நீளும்; புறப்படும் நாளின் பக்கம் 12 மணி நேரத்தில் முடியும். கரை சேர்ந்த நாளில் ஒரே தேதிக்கு இரண்டு பிற்பகல் இருப்பதைப் பார்த்து, எழுதியவர் தவறிவிட்டார் என்று ஒன்றை நீக்கிவிடக் கூடாது.

கடைசியாக, உள்ளூர் நண்பகலை உலகப் பொது நேரத்துக்கு மாற்ற வேண்டும். சென்னை 80°15′ கிழக்கில் இருக்கிறது. அங்கே சூரிய நண்பகல் என்றால் உலகப் பொது நேரம் சுமார் 06:39. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சத்துக்கு வந்து இடையில் இறங்கும். மூன்று மணி நேரம் தவறினால் இந்த ஏற்ற இறக்கமே போலியான மாற்றமாகத் தெரியும்.

எந்த இடம்?

அட்சரேகையில் கவலை குறைவு. வானம் தெளிந்திருந்தால் நண்பகல் சூரியனின் உயரத்தை செக்ஸ்டண்டால் அளந்து சில மைல் துல்லியத்துக்குச் சொல்லிவிடுவார்கள். தீர்க்கரேகைதான் சோதனை. 1790-களிலிருந்து குரோனோமீட்டர் என்ற துல்லியமான கடல் கடிகாரத்தை வைத்திருந்த கப்பல்களில் இரண்டு தீர்க்கரேகைகள் பக்கம் பக்கமாக இருக்கும்: கயிற்றுக் கணக்கில் வந்தது ஒன்று, குரோனோமீட்டரில் வந்தது ஒன்று. இரண்டும் இருந்தால் குரோனோமீட்டரை எடுக்க வேண்டும், ஆனால் அடுத்த கரை கண்ணில் படும் நாள் வரை அதை நம்பிவிடக் கூடாது. கரை தெரிந்த நாளில் இடம் ஒரேயடியாக ஒன்று, இரண்டு டிகிரி தாவினால், அந்தப் பிழையைக் கடைசியாக உறுதியான இடம் வரை பின்னோக்கி, நாளுக்கு நாள் பங்கிட்டுத் திருத்த வேண்டும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் கப்பல்களில் இந்தத் தாவல் பெரிது. அகுல்ஹாஸ் நீரோட்டம் தள்ளும் தூரம் கயிற்றுக் கணக்கில் தெரியாது.

தீர்க்கரேகையை எண்ண எந்தக் கோட்டைச் சுழியமாகக் கொண்டார்கள் என்பது அடுத்த கேள்வி. ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் கிரீனிச், பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸ், அதாவது 2°20′ கிழக்கு, ஸ்பானியர்கள் காடிஸ், டச்சுக்காரர்கள் பெரும்பாலும் தெனரீஃப். இவை போக, கடைசியாகப் பார்த்த முனையையே சுழியமாக வைத்து எழுதுவதும் பரவலாக இருந்தது. 1750–1850 காலப் பதிவேடுகளை நான்கு நாடுகளிலிருந்தும் திரட்டிய ஐரோப்பிய கிளிவாக் திட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட சுழியக் கோடுகளைக் கண்டது. ஒரே பயணத்திலேயே சுழியம் மாறும். பயணப் பாதையை வரைபடத்தில் வரைந்து பார்ப்பதைவிட நல்ல சோதனை இதற்குக் கிடையாது: பாதை நிலத்தின் மேல் ஏறினால் சுழியம் தவறு, அல்லது பூமத்திய ரேகையைக் கடந்தபோது வடக்கு தெற்கு என்று மாற்ற மறந்திருக்கிறார்கள். ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகலுக்கு 240 கடல் மைலுக்கு மேல் போனதாக வந்தாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது 24 மணி நேரமும் இடைவிடாமல் 10 முடிச்சு வேகம்; பாரம் நிறைந்த கம்பெனிக் கப்பலுக்கு அது எளிதில் வாய்க்காது.

காற்று

திசை 32 புள்ளிகளில் எழுதப்பட்டது, ஒரு புள்ளி 11¼ டிகிரி. அது திசைகாட்டி காட்டிய திசை. உண்மை வடக்கிலிருந்து கணக்கிட்டதல்ல. 1800 வாக்கில் நன்னம்பிக்கை முனைக்கு அருகே ஊசி சுமார் 25 டிகிரி மேற்கே சாய்ந்து நின்றது. அங்கே "தென்மேற்கு" என்று எழுதிய காற்று உண்மையில் தெற்கு-தென்மேற்கை ஒட்டியது: 225-இல் 25 போக 200 டிகிரி. அதே கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வரும்போது விலக்கம் மிகக் குறைவு. திருத்தாமல் விட்டால், இந்தியப் பெருங்கடலின் குறுக்கே இல்லாத ஒரு காற்றுத் திருப்பம் முளைக்கும். திருத்தத்துக்குப் பதிவேட்டிலேயே எழுதிய விலக்கத்தைப் பயன்படுத்தலாம். இல்லாத நாட்களுக்கு 1590 முதல் கணக்கிட்ட புவிக்காந்த மாதிரி இருக்கிறது. அந்த மாதிரியும் பெருமளவு இதே வகைப் பதிவேடுகளில் மாலுமிகள் எழுதிய விலக்க அளவுகளிலிருந்துதான் கட்டப்பட்டது.

பலம் சொற்களில் இருக்கும். காற்றின் பலத்தை எண்ணால் சொல்லும் போஃபர்ட் அளவுகோல் 1806-இல் உருவாகி, 1838-இல்தான் பிரிட்டிஷ் கடற்படையில் கட்டாயமானது. அதற்கு முந்தைய சொற்களை இன்றைய பட்டியலில் தேடிப் பொருத்தினால் வம்பு. "கேல்" (பெருங்காற்று) என்ற சொல்லைப் பார்த்ததும் 8 என்று போடுகிறார்கள். பழைய பதிவேடுகளில், வெப்பமண்டலக் கடலில் நிலையாக வீசும் தென்கிழக்கு வணிகக் காற்றுக்கே வாரக்கணக்கில் அந்தச் சொல் வருவதுண்டு. கடல் வணிகக் காற்று மண்டலத்தில் சராசரி பலம் 4, 5 தான். ஆகவே ஒவ்வொரு பதிவேட்டுக்கும் செய்ய வேண்டியது இது: அந்த அதிகாரி வணிகக் காற்று மண்டலத்தில் மிக அதிகமாக எழுதிய சொல்லை முதலில் கண்டுபிடித்து, அதை அவருடைய நடுத்தரமாக வைத்து, மற்றச் சொற்களை அதற்கு மேலும் கீழுமாக வரிசைப்படுத்துவது.

பாய்க் குறிப்பு இரண்டாவது சாட்சி. போஃபர்ட் தன் அளவுகோலை அமைத்ததே போர்க்கப்பல் தாங்கும் பாயை வைத்துத்தான்: மேற்பாய்கள் இரண்டு மடிப்பு என்றால் 7, மூன்று மடிப்பு என்றால் 8. இதைக் கம்பெனிக் கப்பல்களுக்கு அப்படியே எடுக்கும்போது ஒரு திருத்தம் வேண்டும். சரக்கின் பாதுகாப்புக்காக அவர்கள் மாலை மங்கியதும் பாயைக் குறைத்துவிடுவார்கள், காற்று எப்படி இருந்தாலும். மாலை ஆறு, ஏழு மணிக்குப் பாய் மடித்ததை எண்ணிக்கையில் சேர்த்தால், ஒவ்வோர் இரவும் காற்று வலுத்ததாக வரும். பகலில் மடித்ததை மட்டும் சாட்சியாக எடுப்பது நல்லது.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் காற்றுதான் பதிவேட்டின் பலம். திசைக்குக் கருவிப் பிழை கிடையாது, ஊசித் திருத்தம் ஒன்றுதான். காற்றின் திசையை மட்டுமே வைத்து மேற்கு ஆப்பிரிக்கப் பருவமழையின் வலிமையை 19-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கி எடுத்துச் செல்ல முடிந்திருக்கிறது.

பாரமானியும் வெப்பமானியும்

கப்பல் பாரமானி என்பது நடுவில் மிகவும் குறுக்கப்பட்ட கண்ணாடிக் குழாய், இரட்டை வளையத்தில் தொங்கும். குறுக்காவிட்டால் கப்பல் ஆடும்போதெல்லாம் பாதரசம் மேலும் கீழும் பாயும். கடலோடி ஜேம்ஸ் குக்கின் இரண்டாவது பயணத்தில் போன, கருவி செய்யும் நெய்ர்னின் பாரமானி இந்த வகை.

ஒரு மாதிரிக் கணக்கு. 13° வடக்கில், அறை வெப்பம் 82 ஃபாரன்ஹீட்டில், பாரமானி 29.80 அங்குலம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரடியாக மாற்றினால் 1009.1 ஹெக்டோபாஸ்கல். சூட்டில் பாதரசம் விரிந்திருக்கிறது. அதற்காகச் சுமார் 5 கழிக்க வேண்டும். பூமத்திய ரேகை பக்கம் ஈர்ப்பு குறைவு, அதே அழுத்தத்துக்குப் பாதரசம் கூடுதல் உயரம் நிற்கும். அதற்காகச் சுமார் 2½. மிஞ்சுவது ஏறத்தாழ 1001½. இரண்டு திருத்தங்களும் ஒரே திசையில் போவதால், செய்யாமல் விட்டால் வெப்பமண்டலம் முழுவதும் ஏழெட்டு ஹெக்டோபாஸ்கல் உயர்ந்துவிடும். பாரமானியோடு ஒட்டிய வெப்பமானியைப் படித்து எழுதாத பதிவேடுகளில், அன்றைய காற்று வெப்பத்தையே அறை வெப்பமாகக் கொள்ள வேண்டியிருக்கும். குழாயின் தலையில் காற்றுக்குமிழ் புகுந்திருந்தால் அளவு எதிர்ப்பக்கம், அதாவது குறைவாக, வரும். அதைக் காகிதத்திலிருந்து அறிய வழியில்லை. அந்தக் கப்பலின் எல்லா அளவுகளையும் அந்தந்த இடத்துக்கும் மாதத்துக்கும் உரிய இன்றைய சராசரியோடு ஒப்பிட்டு, நிலையான வேறுபாட்டைக் கழிக்கிறார்கள். அதனால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது: நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் தப்பிப் பிழைக்கிறது, ஆனால் நீண்டகால அழுத்த மாற்றம் அதோடு கழிந்துபோகிறது.

வெப்பமானி எங்கே தொங்கியது என்று எழுதியவர்கள் குறைவு. தலைவரின் அறைக்குள் தொங்கியிருந்தால் உயர் அட்சரேகைகளில் வெளிக்காற்றைவிடச் சூடாகக் காட்டும். வெயிலில் காய்ந்த மேல்தளத்தில் என்றால் நண்பகலில் ஏறும். ஒரு கப்பலின் வெப்பமானியை வைத்து அரை டிகிரி மாற்றத்தைப் பேச முடியாது. நூற்றுக்கணக்கான கப்பல்களைச் சேர்த்தால் பேசலாம், ஏனென்றால் தொங்கும் இடத்தால் வரும் பிழை கப்பலுக்குக் கப்பல் மாறும்.

இங்கே போர்க்காலம் உதவிக்கு வருகிறது. 1793 முதல் 1815 வரை பிரெஞ்சுக் கப்பல்களுக்கு அஞ்சிக் கம்பெனிக் கப்பல்கள் கூட்டமாகவே போயின. ஒரே நாளில் ஒரே இடத்தில் எட்டோ பத்தோ அளவுகள் கிடைக்கும். அவற்றைப் பத்துத் தனி அளவுகளாக எண்ணினால் அந்த இடத்தின் நிச்சயம் பொய்யாகப் பெருகும். ஒன்றாகவே எண்ண வேண்டும். ஆனால் கருவிகளைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஒரே காற்றில் மிதக்கும் பத்து வெப்பமானிகளில் ஒன்று மட்டும் நாள்தோறும் 3 ஃபாரன்ஹீட் கூடக் காட்டினால், அந்தக் கப்பலின் பயணம் முழுவதற்கும் திருத்தம் கிடைத்துவிடுகிறது.

கிடைத்த விடை: 1809-இல் எங்கே என்று தெரியாத எரிமலை வெடிப்புக்கும் தம்போராவுக்கும் பிறகு, பரந்த அளவில் வெப்பம் குறைந்தது சுமார் அரை டிகிரி செல்சியஸ். இயற்கைச் சான்றுகள் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. மிகப் பெரிய வீழ்ச்சியைக் காட்டிய மாதிரிகள் அந்த வகையில் சரியாக இருக்க வாய்ப்பில்லை.

எது இல்லை?

தரவு எங்கே இல்லை என்பதற்கும் காரணம் உண்டு, அந்தக் காரணம் பல சமயம் வானிலையே. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு, சரக்கை மசூலாப் படகுகளில் அலை தாண்டி இறக்கின. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் அங்கே கப்பல் நிற்பது ஆபத்து என்பதற்கு அது அடையாளம். ஆகவே தமிழகக் கரைக்கு மழை தரும் வடகிழக்குப் பருவத்தில்தான் இந்தக் கரையோரக் கப்பல் அளவுகள் மெலிந்துபோகின்றன. சோழமண்டலக் கரையின் அக்டோபர், நவம்பர் சராசரியைக் கப்பல்களிலிருந்து மட்டும் எடுக்கிறவர்கள், துணிந்து நின்ற சிலரின் நல்ல நாட்களைத்தான் எடுக்கிறார்கள். 1796 முதல் கிடைக்கும் சென்னை வானாய்வுக்கூடத்தின் அளவுகளை அந்த இடைவெளியில் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

இன்னும் கடினமானது மூழ்கிய கப்பல்களின் விஷயம். 1809 பிப்ரவரியில் இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கம்பெனிக் கப்பல் கூட்டத்துக்குக் கல்லோடன் என்ற போர்க்கப்பல் காவலாக வந்தது. மார்ச் நடுவில் மொரீஷியஸ் பக்கத்தில் புயல் பிடித்தது. கல்கத்தா, பெங்கால், ஜேன் டச்சஸ் ஆஃப் கார்டன், லேடி ஜேன் டண்டாஸ் ஆகிய நான்கு கப்பல்களும் அதற்குப் பிறகு எங்குமே தென்படவில்லை. தப்பிய கப்பல்களின் பதிவேடுகளை அருகருகே வைத்துப் புயல் ஆய்வாளர் வில்லியம் ரீட் 1838-இல் அந்தப் புயலை மறுபடி வரைந்தார். தென் கோளத்தில் புயல் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது என்பதற்கு அது வலுவான சான்றானது.

இன்று அதே பதிவேடுகளை எடுக்கிறவர் செய்ய வேண்டிய வரிசை இது. ஒவ்வொரு கப்பலின் காற்றுத் திசையையும் ஊசித் திருத்தத்தோடு மணிக்கணக்கில் எழுத வேண்டும். கடல் நாளை ஊர் நாளாக்க வேண்டும். தென் கோளத்தில் காற்றை எதிர்நோக்கி நின்றால் புயல் மையம் இடக்கைப் பக்கம். பழைய விதி அதை நேர் எட்டுப் புள்ளி, அதாவது 90 டிகிரி, என்று வைத்தது. காற்று உள்நோக்கிச் சரிந்து பாய்வதால் பத்து முதல் பன்னிரண்டு புள்ளி வரை எடுப்பதே பொருந்தும். இரண்டு கப்பல்களின் கோடுகள் வெட்டும் இடம் அந்த மணியின் மையம். மூன்றாவது கப்பலின் கோடு விலகினால் முதலில் அதன் தீர்க்கரேகையைச் சந்தேகிக்க வேண்டும், காற்றை அல்ல.

இப்படி மையத்தின் பாதை நன்றாகவே கிடைக்கும். பலம் கிடைக்காது. மையத்துக்கு மிக அருகே போன கப்பல்களின் பக்கங்கள் கடலடியில் போய்விட்டன. மிஞ்சியவை விளிம்பில் தப்பியவர்களின் சொற்கள். மூழ்கிய ஒவ்வொரு கப்பலுக்கும் கடைசியாக மற்றவர்கள் பார்த்த நாளும் இடமும் திசையும் தனி வரியாகத் தரவில் ஏற வேண்டும், அளவுப் பத்திகள் காலியாகவே இருந்தாலும். அந்த வரிகள் உள்ள நாட்களில் கிடைக்கும் காற்றின் உச்சத்தைக் கீழ் எல்லையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும்.